வள்ளிநாயகி சொன்ன வண்டி நம்பர்

லிங்கி ஆற்றுப் பாலம் தாண்டி போர்ட்டிக்சன் போகும் சாலையில் இடது கைப்பக்கம் ஒரு செம்மண் பாதை பிரியும். அதில் போனால் கருப்பாற்றுத் தோட்டம். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே பாதி ரப்பர், பாதி செம்பனை. பழைய மரங்களைச் சாய்த்து, வேரைப் பெயர்த்து, செம்பனைக் கன்று வைத்துக்கொண்டே வந்தார்கள். ஆற்றோரம் மட்டும் ரப்பர் மிஞ்சியிருந்தது. மயிலம்மாள் அங்கேதான் பால் வெட்டினாள். அவள் கணவன் இராஜமாணிக்கம் செம்பனைக் குலைகளை மில்லுக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டினான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை வள்ளிநாயகி. போர்ட்டிக்சனில் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படித்தாள், பதினாலு வயது.

பள்ளி விட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் நிலையத்தில் வெகுநேரம் காத்துக் கிடக்க வேண்டும். லிங்கி பஸ் வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையின் மாடியில் கம்ப்யூட்டர் வைத்து வாடகைக்கு விட்டார்கள். கூடப் படிக்கும் பிள்ளையோடு வள்ளிநாயகி முதலில் பள்ளிப் பாடத்துக்காகத்தான் மாடி ஏறினாள். அங்கேதான் அந்த விளையாட்டைப் பார்த்தாள். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் வெறும் நிலம் ஒன்று கிடைக்கும். வாய்க்கால் வெட்டலாம், நெல் போடலாம், மதில் எழுப்பலாம். பக்கத்து நிலத்துக்காரன் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியாது. ஆனால் அவனோடு எழுதிப் பேசலாம்.

உள்ளே நுழையுமுன் திரையில் சில கேள்விகள் வந்தன. பெயர், வயது, ஊர், பள்ளி. கேட்டதற்கெல்லாம் வள்ளிநாயகி உண்மையே எழுதினாள். பொய் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. விளையாட்டுக்குள் மட்டும் வேறு பெயர் வைத்துக்கொண்டாள். ராணி நீலா.

சாயங்காலம் மயிலம்மாள் குளியலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டிருப்பாள். வள்ளிநாயகி கதவில் சாய்ந்து நின்று பேசுவாள்.

"ம்மா, எனக்கு அங்க எவ்ளோ நெலம் இருக்கு தெரியுமா?"

"எங்கடி?"

"கேம்லதான். ஆறு ஓடுது. நெல்லு போட்டுருக்கேன். சுத்தி செவுரு கட்டியாச்சு."

"ரப்பரு இல்லியா?"

"ரப்பரு எதுக்கும்மா? காலங்காத்தால யாரு எந்திரிக்கிறது?"

மயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "அதுவுஞ் சரிதான்லா. வேலைக்கு ஆளு?"

"எல்லாம் இருக்காங்க. வெள்ளக்காரப் பையன் ஒருத்தன் எங்கிட்ட வந்து கல்லு கேட்டான். போனா போவுதுன்னு குடுத்தேன்."

"ராணி அம்மாவுக்கு நாளைக்கி ஸ்கூல் சட்ட துவைக்கணும். வந்து அலசு."

மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு வந்து அலசுவாள். பள்ளியில் அவள் தோட்டத்துப் பிள்ளை, சப்பாத்தில் செம்மண் ஒட்டிக்கொண்டு வருகிறவள். அந்த மாடியில் அவளைக் கேட்டு மற்றவர்கள் மதில் கட்டினார்கள். நெத்திலிச் சம்பலும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே அவள் அதையெல்லாம் சொல்லும்போது மயிலம்மாளுக்குப் பாதி புரியாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் யாரோ கூட்டமாக வந்து ராணி நீலாவின் மதிலை உடைத்தபோது, உதவிக்கு வந்து நின்றவன் ரவின். தமிழில் எழுதினான், ஆங்கில எழுத்தில். ஈப்போவில் படிக்கிறேன், பதினைந்து வயது என்றான். நாளாக நாளாக விளையாட்டைவிட அவனோடு பேசுவது அதிகமாயிற்று. நீ எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை, என்ன நிறத்தில் பை வைத்திருக்கிறாய் என்று கேட்டான். கேட்டான், சொன்னாள். படம் அனுப்பு என்றான். அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய படத்தைக் கொண்டுபோய்க் கடைக்காரப் பையனிடம் கொடுத்து அனுப்பச் சொன்னாள். வீட்டில் டெலிபோன் உண்டா என்று கேட்டான். வீட்டில் இல்லை, தோட்டத்து ஆபீசில்தான் உண்டு என்று அந்த நம்பரையும் கொடுத்தாள்.

ஆபீசில் கணக்கு வழக்குப் பார்க்கும் பெரிய கிராணி துரைசிங்கம். யாழ்ப்பாணத்து வம்சம். போனை எடுத்தால் மரியாதையாகப் பேசுகிறவர். ஜூன் மாதப் பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் ஒரு ஆண்குரல் கூப்பிட்டது. வள்ளிநாயகியின் பள்ளி ஆசிரியர் பேசுகிறேன், விடுமுறையில் வீட்டுக்கு வந்து பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்றது. நல்ல தமிழ். துரைசிங்கம் நிதானமாகச் சொன்னார். தாய் விடிய முன்னமே ரப்பர்க் காட்டுக்குப் போய்விடுவாள், வெயில் ஏறித்தான் வருவாள். தகப்பன் மில்லுக்குப் போனால் பின்னேரம்தான். பிள்ளை தனியத்தான் வீட்டில் இருக்கும். கோயிலுக்குப் பின்னால் உள்ள லயத்து வரிசையில் கடைசி வீடு. வரும்போது ஆபீசுக்கும் வாருங்கோ மாஸ்டர், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார்.

விடுமுறையில் வெயில் கொளுத்தியது. காலையில் லயத்தில் யாருமில்லை. கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் மட்டும் அழுகைச் சத்தம். வள்ளிநாயகி அரிசி களைந்துகொண்டிருந்தபோது வாசலில் சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது.

"ராணி நீலா!"

அந்தப் பெயரைத் தோட்டத்தில் அவள் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. எட்டிப் பார்த்தாள். கன்னத்தோரம் நரைத்த ஒரு ஆள், கையில் கேக் பெட்டியோடு நின்றான்.

"நீங்க... ரவினோட அப்பாவா?"

அவன் சிரித்தான். "நாந்தான்மா ரவின்."

வள்ளிநாயகி கதவைச் சாத்தப் போனாள். அவன் கதவைக் கையால் பிடித்தான். மெதுவாகச் சொன்னான். "அம்மா வெளிக்காட்டுல. அப்பா மில்லுல. எனக்கு எல்லாம் தெரியும்லா. பயப்படாத. கடக்கரைக்கு ஒரு சுத்து போயிட்டு கொண்டாந்து விட்டுர்றேன்."

"நான் வரல. போங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். அவளுடைய முகம், பெரிதாக. "இந்த மொகத்துக்குக் கீழ வேற ஒடம்ப ஒட்டி எல்லாக் கம்ப்யூட்டர்லயும் போட முடியும். ஒங்கப்பா பேரு, தோட்டத்துப் பேரு எல்லாம் எழுதி. போடவா? இல்ல, வர்றியா?"

அப்பா அந்தப் படத்தைப் பார்க்கும் காட்சிதான் அவள் கண் முன்னால் நின்றது. அரிசிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினாள். கொட்டகை வாசலில் நின்ற ஆயா அதைப் பார்த்தாள். சொந்தக்காரர் யாரோ என்று நினைத்தாள்.

கார் கடற்கரைப் பக்கம் திரும்பவில்லை; லுக்குட் தாண்டிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கொடிக்காரன் வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டான். கார் நின்று, மறுபடி நகரத் தொடங்கியபோது வள்ளிநாயகி கதவைத் திறந்து வெளியே குதித்தாள். ஜல்லியில் உருண்டாள். இடது கை மணிக்கட்டு அவளுக்குக் கீழே மாட்டி முறிந்தது. ஓரத்தில் டுரியான் பழம் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கூச்சல் போட்டாள். கார் மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. அந்த வலியிலும் வள்ளிநாயகி தலையைத் தூக்கி அதன் நம்பரைப் பார்த்தாள். அந்த அம்மாளின் புருஷன்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு, பின்னேரம் பழ வேனில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அதற்குள் ஆயா வாய் திறந்து, தோட்டம் முழுக்கப் பேச்சாகியிருந்தது. இராஜமாணிக்கம் குலை முள் கிழித்த சட்டையோடு கூடத்தில் நின்றான். மயிலம்மாள் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வள்ளிநாயகி அழவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கேமைச் சொன்னாள், ரவினைச் சொன்னாள், படத்தைச் சொன்னாள்.

"ப்பா, நம்பரு ஞாபகம் இருக்கு. சொல்றேன், எழுதிக்கங்க. போலீஸ்ல குடுக்கலாம்."

"வாய மூடு."

"ப்பா, அவன் வேற யாரையும்..."

"வாய மூடுன்றேன்ல! நீயா ஏறிப் போனியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

அவள் தலை குனிந்தாள். "ஏறுனேன்."

"அப்பறம் என்னா நம்பரு? போலீஸ்ல போயி என்னா சொல்ல? எம்பொண்ணு தானா கார்ல ஏறிப் போனா, பாதி வழியில குதிச்சுட்டான்னா? நம்புவாங்களா? பேப்பர்ல போடுவான். இந்தப் பக்கம் எவன் அவளக் கட்டுவான்?"

"ஏங்க, புள்ள கைய பாருங்க மொதல்ல," என்றாள் மயிலம்மாள்.

"கை கூடிரும். பேரு கூடுமா?"

அந்த நேரத்தில்தான் துரைசிங்கம் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் படியிலேயே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மாணிக்கம், பிழை என்ரை பக்கம்தான். போனிலை கேட்டவனுக்கு வீடு வாசல் எல்லாம் நான்தான் சொன்னனான். மாஸ்டர் எண்டு நம்பிப்போட்டன். வாரும், பொலிசுக்குப் போவம். நானே வந்து சொல்லுறன்."

"நீங்க சொன்னது போதும் ஐயா. இன்னும் ஊர் முழுக்கச் சொல்லணுமா?"

"பிள்ளைக்கு நம்பர் தெரியும் எண்டால் அவனைப் பிடிக்கலாமல்லோ."

"எம்பொண்ணு பேர யாராச்சும் போலீஸ்ல எழுதுனா நான் மனுசனா இருக்க மாட்டேன். போங்க ஐயா."

துரைசிங்கம் படியிறங்கிப் போய்விட்டார். அவரே போய்ப் புகார் கொடுத்திருக்கலாம். தன் பெயரும் வெளியே வரும் என்று அவருக்குப் பயம்.

விடுமுறை முடிந்தும் வள்ளிநாயகியைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. 'கார்ல போன பொண்ணு' என்று லயத்தில் பெயர் விழுந்தது. குழாயடியில் அவள் போனால் பேச்சு நிற்கும். கட்டுப் பிரித்த பிறகு மயிலம்மாள் அவளைத் தன்னோடு காட்டுக்குக் கூட்டிப்போனாள். வீட்டில் தனியே விட மனம் வரவில்லை. மகள் பால் வடியும் மங்குகளைத் துடைத்து வைத்தாள், வெட்டில் காய்ந்து ஒட்டிய பால் கயிற்றை இழுத்துச் சாக்கில் போட்டாள். கனமான வாளியைத் தூக்கினால் மணிக்கட்டு வலித்தது. அதையும் சொல்ல மாட்டாள்.

ஆற்றுப் பக்கம் கொசு மொய்க்கும். தகர டப்பாவில் கொசுத் திரியைக் கொளுத்தி வைத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு இருவரும் ரொட்டியும் கோப்பியும் சாப்பிட உட்கார்ந்தபோது ஒருநாள் அவளாகவே பேசினாள்.

"ம்மா, கேட்டாங்க, சொன்னேன். அவ்ளோதான். ஸ்கூல்ல பேரு ஊரு கேட்டா சொல்றோம்ல. அது தப்புன்னு யாருமே எனக்குச் சொல்லலியே."

"எனக்கே தெரியாதேடி."

"கிராணி ஐயாவும்தான் சொன்னாரு. அவர யாரும் ஆபீஸுக்கு வரக்கூடாதுன்னு சொல்லலல்ல?"

மயிலம்மாள் ரொட்டியைப் பிய்த்து மகள் கையில் வைத்தாள்.

"நீ நம்புறியாம்மா? ஒண்ணும் நடக்கல. நான் குதிச்சுட்டேன்."

"நம்புறேன் தங்கம்."

"அப்ப ஏம்மா நம்பர வாங்கிக்க மாட்டேங்கிறீங்க?"

அன்றைக்கு மயிலம்மாள் பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கினாள். போர்ட்டிக்சனுக்குத் தானே பஸ் ஏறிப் போகலாம் என்று பல நாள் நினைத்தாள். புருஷனை மீறி ஒருநாளும் எங்கும் போனதில்லை. நினைத்ததோடு சரி.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மரமெல்லாம் நனைந்து, பால் வெட்டு இல்லாமல் ஆட்கள் வீட்டிலேயே முடங்கினார்கள். இராஜமாணிக்கமும் சேற்றில் லோரி இறங்காததால் வீட்டில்தான் இருந்தான். மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. அப்போது போலீஸ் ஜீப் வந்து நின்றது. மலாய்க்கார இன்ஸ்பெக்டர் அம்மாவும், தங்கராஜு என்ற தமிழ் சார்ஜனும் இறங்கினார்கள்.

தங்கராஜு தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறினார். "வள்ளிநாயகி வீடா இது? பயப்படாதீங்க. ஒரு ஆளப் புடிச்சு வச்சிருக்கோம். அவன் வீட்டுல நெறைய புள்ளைங்க படம் இருந்துச்சு. ஒரு படத்துல பின்பக்கம் இந்தப் புள்ள பேரும் தோட்டத்துப் பேரும் எழுதிருந்துச்சு."

இராஜமாணிக்கம் எழுந்து நின்றான். "எங்க புள்ளைக்கு ஒண்ணும் நடக்கலைங்க."

"தெரியாதுங்க. போன மாசம் மந்தின் பக்கத் தோட்டத்துல ஒரு புள்ளைக்கு நடந்துருச்சு. அதே கம்ப்யூட்டர் கேமுதான். ரெண்டு நாளு காணோம். அப்பறம் செம்பனக் காட்டுல கெடச்சா. உசுரு இருக்கு. இன்னும் வாயத் தொறக்கல. செரம்பான் ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் வீட்டுக்கு அனுப்பிருக்காங்க." அவர் வள்ளிநாயகியின் பக்கம் திரும்பினார். "அவன் கார்ல ஒன்ன ஏத்துனானாம்மா? கார் எப்புடி இருந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

வள்ளிநாயகி அப்பாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் நம்பரைச் சொன்னாள். ஒரு எழுத்தும் தட்டாமல் சொன்னாள்.

தங்கராஜு எழுதுவதை நிறுத்தினார். "இது எப்பத்துலேர்ந்தும்மா ஒனக்குத் தெரியும்?"

"ஜூன் லீவுலேர்ந்து."

அவர் அதை மலாயில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அந்த அம்மாள் இராஜமாணிக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வள்ளிநாயகியின் அருகில் உட்கார்ந்து, நடந்ததை முழுவதும் மெல்லக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஜீப் போனபிறகு அவிந்த கிழங்கை யாரும் தொடவில்லை. மறுநாள் காலை மழையோடேயே இராஜமாணிக்கம் சட்டையை மாட்டினான். "மயிலு, கெளம்பு. மந்தினுக்குப் போவணும்."

"நானும் வர்றேன்ப்பா," என்றாள் வள்ளிநாயகி.

அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவள் வீட்டில் தகப்பன் இல்லை, தாய் மட்டும்தான். இவர்கள் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் பாயை விரித்தாள், கோப்பி கலக்கி வைத்தாள். அடுக்களைக்குப் பக்கத்து அறையில் சுவர் பக்கம் திரும்பி ஒரு சிறு உருவம் படுத்திருந்தது தெரிந்தது. வள்ளிநாயகி யாரையும் கேட்காமல் எழுந்து உள்ளே போனாள்.

"ஒங்க புள்ள அன்னிக்கே வீட்டுக்கு வந்துருச்சாமே," என்றாள் அந்த அம்மாள். "நேத்து போலீஸ்காரரு வந்து சொன்னாரு."

"வந்துட்டா," என்றாள் மயிலம்மாள்.

"நம்பரும் தெரியுமாமே."

மயிலம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப ஏன் யாருமே சொல்லல?"

இராஜமாணிக்கம் கோப்பியைத் தள்ளி வைத்தான். "அவ சொன்னா. நாந்தான் வாய மூடுன்னேன்."

அந்த அம்மாள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவனையே பார்த்தாள். "எம்புள்ள இன்னும் பெரிய மனுசிகூட ஆவல," என்றாள்.

உள்ளே வள்ளிநாயகி பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் இடது கையை நீட்டி, கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டைக் காட்டினாள். அந்தப் பிள்ளை மெல்லத் திரும்பிப் பார்த்தது.

"அவனா ஒடச்சான்?" குரல் காற்றுப்போல வந்தது.

கூடத்தில் அதன் தாய் பதறி எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மகள் பேசிய முதல் சொல் அது.

"இல்ல. நான் கதவத் தொறந்து குதிச்சேன்."

அது கொஞ்சம் யோசித்தது. "எனக்குத் தொறக்கலக்கா. கதவுல உள்ள புடியே இல்ல. கழட்டிட்டான்."

வள்ளிநாயகி ஏறிய நாளில் அந்தப் பிடி இருந்தது; அவள் குதித்த பிறகுதான் அவன் அதைக் கழற்றியிருக்கிறான். கூடத்தில் உட்கார்ந்திருந்த இராஜமாணிக்கத்துக்கும் அது புரிந்தது. அவன் எழுந்து வெளியே போய் மழையில் நின்றான்.

வழக்கு முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வள்ளிநாயகி செரம்பான் கோர்ட்டில் நடுங்காமல் சாட்சி சொன்னாள். துரைசிங்கமும் வந்து, போனில் தான் சொன்னதை ஒப்புக்கொண்டார். அந்த ஆளுக்குச் சிறை கிடைத்தது. அதற்கெல்லாம் முன்பே, மழை விட்ட ஜனவரியில், வள்ளிநாயகி மறுபடி பள்ளிக்குப் போனாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து. கம்ப்யூட்டர் கடை மாடிக்கு அவள் ஏறவில்லை. ராணி நீலாவின் நெல்லையும் மதிலையும் அதற்குள் யார் யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் கேட்பாள், மந்தினுக்குப் போகணும் என்று. அவன் மறுபேச்சில்லாமல் மோட்டர்சைக்கிளை எடுப்பான். மகள் உள்ளே போய் அந்தப் பிள்ளையோடு இருந்துவிட்டு வரும்வரை சாலையோர மதகில் உட்கார்ந்திருப்பான். வெயிலானாலும் மழையானாலும் அங்கேதான். அந்த வீட்டு வாசலை அவன் பிறகு மிதிக்கவில்லை, யாரும் அவனைக் கூப்பிடவுமில்லை.

ஒருமுறை மட்டும் அந்தப் பிள்ளையின் தாய் ஒரு கிளாஸ் கோப்பியைக் கொண்டுவந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், மதகின் மேல் வைத்துவிட்டுப் போனாள். இராஜமாணிக்கம் அதைக் கையில் எடுத்தான். மகள் வெளியே வரும்போதும் கிளாஸ் அப்படியே இருந்தது. கோப்பி ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.